சக்கையில் சிக்கும் உலோகம்



செம்புக் குடத்தையும் பித்தளைச் சொம்பையும் நம் தாய்மார்கள் எதைக்கொண்டு துலக்குகிறார்கள்? புளியைக்கொண்டு. குழம்புக்குக் கரைத்தெடுத்த பின் மிஞ்சுகிற புளிச்சக்கையை எறிய மனம் வராமல், அதோடு கொஞ்சம் உப்பைச் சேர்த்துத் தேய்ப்பார்கள். பச்சையும் கறுப்புமாய்ப் படிந்திருந்த களிம்பு நீங்கிப் பாத்திரம் பளபளவென்று ஆகிவிடும். அந்தக் களிம்பு எங்கே போயிற்று? மறைந்து போயிற்றா? இல்லை. புளியில் உள்ள அமிலம் அதைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கழுவிய நீரோடு அது வாய்க்காலுக்குப் போயிற்று. பாத்திரத்தில் இருந்தது இப்பொழுது வாய்க்காலில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இந்தப் புளிச்சக்கையே வாசல். உணவைப் பக்குவப்படுத்தும்போது மிஞ்சுகிற தோல், உமி, நார், சக்கை ஆகியவற்றைக்கொண்டு, நீரில் கரைந்துள்ள நச்சு உலோகங்களைப் பிடிக்க மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்பதைப் பார்ப்போம். அப்படிக் கற்ற பிறகும் அந்த வித்தை ஏன் ஆலைகளுக்குள் பெரிதாக நுழையவில்லை என்பதையும் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் மக்கள் ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறார்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், செம்புப் பாத்திரத்தின் உள்ளே பூசுகிற ஈயமும், இந்நாட்டுச் சுரங்கங்களில் தோண்டி எடுத்த ஈயமும் வெள்ளீயம். அதனால் பெரிய தீங்கில்லை. புளிப்புப் பட்டால் செம்பு கரைந்து உணவில் கலந்துவிடும் என்பதற்காகத்தான் நம் முன்னோர் பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்கள். மற்றொன்று காரீயம். பழைய நீர்க்குழாய்களிலும், வாகன மின்கலங்களிலும், சில சாயங்களிலும் இருந்தது இதுதான். இது நஞ்சு. பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

காரீயம், பாதரசம், காட்மியம், குரோமியம், நிக்கல், செம்பு முதலியவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். இவற்றுள் செம்பு சிறிதளவு உடலுக்குத் தேவை, மிகுந்தால் கேடு. காரீயத்தால் உடலுக்கு எந்த நன்மையும் கிடையாது. அது எலும்பில் போய்த் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் அரிக்கும். பாதரசம் நரம்பையும் மூளையையும் தாக்கும்.

ஒருமுறை வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், தண்ணிய நல்லா கொதிக்க வச்சா அது செத்துப் போயிடாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவள் வீட்டில் நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அதுவும் நல்ல பழக்கந்தான். ஆனால் கொதித்தால் சாவது கிருமி. உலோகத்துக்கு உயிரில்லை, அது சாகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, பானையில் மிஞ்சுகிற நீரில் உலோகத்தின் செறிவு கூடத்தான் செய்யும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்ட இந்தக் கேள்விக்கு விடை காணத்தான் அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்திருக்கிறார்கள்.

நீரைத் தெளிவிக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைப்பார்கள். சிறிது நேரத்தில் சேறு அடியில் படிந்து மேல்நீர் தெளிந்துவிடும். முருங்கை விதையின் பொடிக்கும் இந்தக் குணம் உண்டு. அருமையான வித்தைகள்தாம். ஆனால் இவை முக்கியமாக நீரில் மிதக்கும் தூசியையும் மண்ணையும் திரட்டிப் படியச் செய்பவை. சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கும் உலோகம் வேறு வகைப்பட்டது. பளிங்குபோல் தெளிந்த நீரிலும் காரீயம் இருக்கலாம்.

கரைந்த பொருளைப் பிடிக்கும் வழியை முதலில் காட்டியது அடுப்புக்கரி. 1785ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் லோவிட்ஸ் என்ற மருந்தாளர் டார்டாரிக் அமிலம் தயாரித்துக்கொண்டிருந்தார். நம் புளிக்குப் புளிப்பைக் கொடுப்பதும் இதே அமிலந்தான். அவருடைய கரைசல் எப்பொழுதும் பழுப்பேறிப் போய்க்கொண்டிருந்தது. அதில் கரித்தூளைப் போட்டபோது நிறம் நீங்கி வெளுத்ததை அவர் கண்டார். கரியின் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. அவற்றின் சுவரெல்லாம் பரப்பு. அந்தப் பரப்பில் நிறப்பொருள் ஒட்டிக்கொள்கிறது. இதைப் பரப்புக் கவர்ச்சி என்பார்கள். கப்பலில் நாட்பட்டுக் கெட்டுப்போகும் குடிநீருக்கும் கரி உதவும் என்று லோவிட்ஸ் எடுத்துக் கூறினார். சர்க்கரை ஆலைகள் பாகை வெளுக்கக் கரியைப் பயன்படுத்தத் தொடங்கின.

இந்தக் கரியின் பெருமையை உலகம் நன்றாக உணர்ந்தது ஒரு கொடிய நிகழ்ச்சிக்குப் பிறகுதான். 1915 ஏப்ரலில், முதல் உலகப் போரின்போது, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மானியப் படை குளோரின் புகையை ஏவியது. அதன் பிறகு போர்வீரர்களுக்குக் கரி நிரப்பிய முகமூடிகள் தேவைப்பட்டன. எந்தக் கரி சிறந்தது என்று தேடியபோது முன்னுக்கு வந்தது எது தெரியுமா? நாம் துருவிவிட்டுத் தூக்கி எறிகிற தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரி! 1918இல் அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களிடம் பழக்கொட்டைகளையும் சிரட்டைகளையும் சேர்த்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டது. இன்றைக்கும் வீட்டுக் குழாய்களில் மாட்டும் வடிகட்டிகள் பலவற்றில் சிரட்டைக் கரி இருக்கிறது.

கரி ஒரு வழி. மற்றொரு வழியை ஒரு விவசாயி கண்டார். 1850 வாக்கில் இங்கிலாந்தில் தாம்சன் என்ற நிலக்கிழாரும் வே என்ற வேதியியலாரும், மண் நிரப்பிய குழாயில் உரக் கரைசலை ஊற்றிப் பார்த்தார்கள். உள்ளே ஊற்றியது அம்மோனியம் உப்பு. கீழே வடிந்ததோ சுண்ணாம்பு உப்பு. மண் அம்மோனியாவைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் சுண்ணாம்புச் சத்தை வெளியே விட்டிருந்தது. கடையில் பண்டமாற்றுச் செய்வது போல! இதற்கு அயனிப் பரிமாற்றம் என்று பெயர். 1935இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரு ஆங்கிலேயர்கள், நொறுக்கிய இசைத்தட்டுத் துண்டுகளுக்கும் இந்தக் குணம் இருப்பதிலிருந்து தொடங்கி, இதற்கென்றே செயற்கைப் பிசின்களைச் செய்தார்கள் என்று கூறுவர். அந்தப் பிசின்கள் இன்று உலோகங்களைப் பிடிப்பதில் கைதேர்ந்தவை. ஆனால் விலை அதிகம். ஆகவே, "இதே வேலையை மலிவாகச் செய்யும் பொருள் இயற்கையில் இல்லையா?" என்ற கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்விக்கு அவசரம் வந்தது ஜப்பானால். கியூஷு தீவிலுள்ள மினமாட்டா என்னும் மீனவ ஊரில் முதலில் பூனைகள் தள்ளாடி விழுந்து செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது, பேச்சுக் குழறியது, பார்வை மங்கியது. 1956 மே மாதம் அந்நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவாயிற்று. அருகிலிருந்த வேதிப்பொருள் ஆலை ஒன்று பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டு வந்தது. அதை மீன் உண்டது. மீனை மக்கள் உண்டார்கள். ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968இல். பன்னிரண்டு ஆண்டுகள்! நோயாளிகள் அதுவரை மீனை உண்டுகொண்டுதான் இருந்தார்கள். அதே 1968இல், ஜின்சூ ஆற்றங்கரை நெல்வயல்களில் வேலை செய்த பெண்களின் எலும்புகளை நொறுக்கிய "இத்தாய் இத்தாய்" நோய்க்கும், மலைச் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியமே காரணம் என்று ஏற்கப்பட்டது. "இத்தாய்" என்றால் ஜப்பானிய மொழியில் "வலிக்கிறதே" என்று பொருள்.

1970இல் வட அமெரிக்கப் பேரேரிகளின் மீன்களிலும் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1972இல், கலிபோர்னியாவில் இருந்த அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் ஆய்வு வெளியாயிற்று. வேளாண்மைப் பொருள்களும் அவற்றின் கழிவுகளும் பாதரசத்தை எந்த அளவுக்குப் பிடிக்கின்றன என்பதே அதன் பொருள். தொடர்ந்து 1974இல் மரப்பட்டை. 1975இல் நிலக்கடலைத் தோல். கடலையை வறுத்துத் தேய்த்தால் ஊதிவிடுகிறோமே, அந்தச் செந்நிறத் தோல்! செம்பு கரைந்த நீரை அந்தத் தோலோடு சேர்த்துக் கலக்கினால், செம்பு நீரை விட்டுத் தோலில் ஏறிக்கொள்கிறது என்று காட்டினார்கள்.

ஏன் ஏறுகிறது? தாவரத்தின் உடல் வெறும் குப்பையன்று. செல்லுலோசு, லிக்னின், பெக்டின், டானின் என்று பல பொருள்களால் பின்னப்பட்டது அது. அந்தப் பின்னலில் அங்கங்கே அமிலக் கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கொக்கிகளில் முன்பே சுண்ணாம்புச் சத்தோ, சோடியமோ, ஹைட்ரஜனோ தொங்கிக்கொண்டிருக்கும். காரீயம், செம்பு போன்றவை வந்தால் கொக்கிக்கு அவற்றின்மேல் ஆசை அதிகம். பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பற்றிக்கொள்ளும். தாம்சனின் மண் செய்த அதே பண்டமாற்று! ஆரஞ்சுத் தோலில் பெக்டின் மிகுதி. தேயிலைச் சக்கையிலும் கடலைத் தோலிலும் டானின் மிகுதி. ஆகவே அவை நன்றாகப் பிடிக்கின்றன. பிறகு அந்தச் சக்கையை நீர்த்த அமிலத்தில் கழுவினால், உலோகம் கழன்று அமிலத்துக்கு வந்துவிடும். சக்கையை மறுபடி பயன்படுத்தலாம். புளி பாத்திரத்தைத் துலக்குவதற்கும் இதற்கும் உள்ள உறவு இப்பொழுது விளங்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். இன்று நாற்சந்திகளும் மாடிக்கட்டடங்களுமாய் விளங்கும் பெட்டாலிங் ஜெயா, 1952 வரை ஊரே அன்று. எஃபிங்காம் என்ற ரப்பர் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலம் அது. தலைநகர் கோலாலம்பூரில் மக்கள் நெருக்கடி தாங்காமல், அத்தோட்டத்தை எடுத்துத் துணைநகர் அமைத்தார்கள். பால்மரம் சீவிய இடத்தில் வீதிகள் வந்தன. வீதிகளை அடுத்துத் தொழிற்பேட்டைகள் வந்தன. அத்தோட்டத்தின் பெயர் இன்று ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரில் தங்கியிருக்கிறது. 1972இல் சுங்கைவேயில் சுதந்திர வாணிக வட்டாரம் திறக்கப்பட்டது. மின்னணுப் பொருள்களைப் பொருத்தும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து நம் பெண்பிள்ளைகள் பலர் விடியற்காலையில் பேருந்தேறி அங்கே வேலைக்குப் போனார்கள். தாய் பால்வாளி தூக்கினாள். மகள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணை வைத்துக் கம்பி கோத்தாள்.

மின்சுற்றுப் பலகைக்குச் செம்பு வேண்டும். தாழ்ப்பாளுக்கும் வாகன உறுப்புக்கும் நிக்கல், குரோமிய முலாம் வேண்டும். முலாம் தோய்த்த பொருளை நீரில் அலசுவார்கள். அலசிய நீரில் உலோகம் இருக்கும். பெரிய ஆலைகளுக்குச் சுத்திகரிக்க இடமும் பொருளும் உண்டு. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சிறு முலாம் பட்டறைக்கு எங்கே இடம்? பெட்டாலிங் ஜெயாவின் வடிகால்கள் பெஞ்சாலா ஆற்றிலும் மற்ற ஓடைகளிலும் சேர்ந்து கடைசியில் கிள்ளான் ஆற்றில்தான் விழுகின்றன. ஈயச் சுரங்கத்தின் வண்டலைச் சுமந்து சுமந்து ஏற்கெனவே களைத்துப்போன ஆறு அது.

இங்கே நம் தோட்டத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்நாட்டில் வாணிக அடிப்படையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டது 1917இல், இதே சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை அருகே உள்ள தென்னமாரம் தோட்டத்தில். ரப்பர் விலை சரியச் சரிய, 1960களிலிருந்து செம்பனை பெருகிற்று. ஆலைகளும் பெருகின. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை டன்னுக்குக் குறையாமல் கழிவுநீர் வரும். கெட்டியாகப் பழுப்பு நிறத்தில், சுடச்சுட, புளித்த வாடையோடு அது ஆற்றுக்கு ஓடிற்று. அதில் நச்சு உலோகம் இருந்தது என்பதன்று குற்றச்சாட்டு. அதிலிருந்த எண்ணெயும் சக்கையும் அழுகும்போது ஆற்றிலுள்ள உயிர்வளியையெல்லாம் விழுங்கிவிட்டன. மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன. 1970களில் இந்நாட்டு ஆறுகளை மிகுதியாகக் கெடுத்த தொழில் எது என்று கேட்டால், செம்பனை எண்ணெய் ஆலை என்பதுதான் விடை.

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் பாமாயில் ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. அவ்விதிகளைச் செய்தவர்களின் சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன். ஆலைகளை ஒரேயடியாக மூடச் சொல்லவில்லை. படிப்படியாக இறங்கச் சொன்னார்கள். கழிவுநீரின் ஒரு லிட்டர் எவ்வளவு உயிர்வளியை உண்ணலாம் என்பதே அளவுகோல். ஆலையிலிருந்து வருகிற கச்சா நீரில் அது ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1978இல் 5,000க்குக் குறைக்க வேண்டும்; அடுத்த ஆண்டு 2,000; பிறகு 1,000; 500; 250; 1984இல் 100. வெளியேற்றும் கழிவின் அளவுக்கேற்பக் கட்டணமும் உண்டு. ஆலைகள் குட்டைகளை வெட்டி, நுண்ணுயிர்களைக்கொண்டு கழிவை மட்கச் செய்யக் கற்றுக்கொண்டன. ஆலைக்குப் பின்னால் நிரை நிரையாய் நீங்கள் பார்க்கிற குட்டைகள் அப்படி வந்தவைதாம்.

ஆறுகளைக் கெடுத்த அதே செம்பனையின் நார், மற்றொரு கழிவை நீக்கப் பயன்படுமா என்ற ஆராய்ச்சியும் இங்கேயே நடந்தது. பெட்டாலிங் ஜெயாவுக்குத் தெற்கே செர்டாங்கில் 1971இல் தொடங்கப்பெற்ற வேளாண்மைப் பல்கலைக்கழகம், 1997இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிற்று. அங்கே வேதியியல் துறையைச் சேர்ந்த லோ, லீ என்ற இரு ஆய்வாளர்களும் அவர்களுடைய மாணவர்களும் 1980களின் பிற்பகுதியிலிருந்து இப்பணியில் ஈடுபட்டார்கள். முதலில் பாசியைக்கொண்டு செம்பைப் பிடித்தார்கள். 1993இல் சாயம் ஏற்றிய செம்பனை நாரைக்கொண்டு செம்பைப் பிடித்தார்கள். 1995இல் வாழைத்தண்டைக்கொண்டு முலாம்பூசும் கழிவுநீரிலிருந்தே உலோகங்களைப் பிரித்துக் காட்டினார்கள். 2000இல், மதுபான ஆலையில் வடித்தெடுத்த பின் மிஞ்சும் தானியச் சக்கை காட்மியத்தையும் காரீயத்தையும் பிடிப்பதை வெளியிட்டார்கள். சவ்வரிசி எடுத்த பின் மிஞ்சும் சேகோச் சக்கையும் காரீயத்தையும் செம்பையும் பிடிப்பதாக 1998இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. நாம் பொரியலுக்கு நறுக்குகிற வாழைத்தண்டா என்று வியக்க வேண்டாம். குலை வெட்டிய பின் தோட்டத்தில் கிடந்து அழுகும் தண்டு எத்தனை!

தாயகத்திலும் இம்முயற்சி நடந்தது. 1980களின் தொடக்கத்தில் நாக்பூரில் வெங்காயத் தோலைப் பக்குவப்படுத்தி உலோகம் பிடிக்க வைத்தார்கள். கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகத்தில் நமசிவாயம், கதிர்வேலு ஆகியோர் 1990களில் எடுத்துக்கொண்டது தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள்: தேங்காய் மட்டையிலிருந்து நாரை உரித்தெடுத்த பின் மிஞ்சுகிற தவிட்டு நிறத் தூள் சாலையோரத்தில் குன்றுபோல் குவிந்து கிடக்கும். அதைக் கரியாக்கிச் சாயக் கழிவிலும், பிறகு பாதரசம் கலந்த நீரிலும், தொழிற்சாலைக் கழிவுநீரிலும் சோதித்தார்கள். சாயப்பட்டறைகளால் நொய்யல் ஆறும், தோல் பதனிடும் தொழிலால் பாலாறும் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இம்முயற்சியின் அருமை தெரியும்.

இத்தனை வெற்றிகளுக்குப் பிறகும், முலாம் பட்டறைகளில் கடலைத் தோல் மூட்டையையோ வாழைத்தண்டையோ நாம் காண்பதில்லையே, ஏன்? இந்த வரலாற்றில் நான் மிகவும் யோசித்த இடம் இதுதான்.

ஒரு காரணம், சக்கை தூயதன்று. நீரில் போட்டதும் அது தன்னுடைய பழுப்புச் சாயத்தை விட ஆரம்பிக்கும். தேயிலைச் சக்கையைத் தண்ணீரில் போட்டால் தெரியுமே! உலோகம் போய்ச் சாயம் வந்தால், உயிர்வளியை உண்ணும் கழிவாக அந்நீர் மாறிவிடுகிறது. இதைத் தடுக்கத்தான் அமெரிக்கர் கடலைத் தோலையும் மரப்பட்டையையும் வேதிப்பொருளால் கட்டினார்கள், நாக்பூரில் வெங்காயத் தோலுக்குப் பக்குவம் செய்தார்கள், கோவையில் கரியாக்கினார்கள். பக்குவத்துக்குப் பணம் வேண்டும். பணம் ஏற ஏற மலிவு என்ற பெருமை குறையும். அடுத்து, சோதனைச் சாலையில் ஒரே உலோகம் கரைந்த தூய நீர். பட்டறையில் பல உலோகங்களும் எண்ணெயும் சோப்பும் அமிலமும் கலந்த நீர். கொக்கிகளுக்கு அங்கே போட்டி அதிகம். மூன்றாவதாக, நாம் கழிவு என்று நினைக்கிற பொருள் ஆலைக்காரருக்குக் கழிவன்று. செம்பனை நாரும் கொட்டை ஓடும் அதே ஆலையின் கொதிகலனுக்கு விறகு. நூறு கிலோ குலையிலிருந்து கிடைக்கும் பத்துப் பதினைந்து கிலோ நாரை அவர்கள் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய போட்டியாளர் சுண்ணாம்பு. உலோகம் கரைந்த நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் பெரும்பகுதி உலோகம் சேறாகத் திரண்டு அடியில் படியும். மலிவு, பழகிய முறை. ஆனால் கடைசியில் மிஞ்சுகிற மிகச் சிறு அளவைச் சுண்ணாம்பால் எளிதில் எட்டிப் பிடிக்க முடிவதில்லை. சக்கையும் கரியும் திறமை காட்டுவது அந்த இடத்தில்தான். ஆகவே சுண்ணாம்புக்குப் பிறகு இறுதி வடிகட்டலுக்குச் சக்கை என்பதே நியாயமான இடம் என்பது என் எண்ணம்.

அந்தச் சிறு அளவு ஏன் முக்கியம்? இந்நாட்டுச் சட்டத்தில் ஆலைக் கழிவுநீருக்கு இரண்டு தரங்கள் உண்டு. 1979இல் வகுக்கப்பட்டு 2009இல் புதுப்பிக்கப்பட்டவை அவை. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ஆலைக்கு 'ஏ' தரம்: ஒரு லிட்டரில் காரீயம் 0.10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, பாதரசம் 0.005க்கு மேல் கூடாது. கீழே இருக்கும் ஆலைக்கு 'பி' தரம்: காரீயம் 0.5, பாதரசம் 0.05. மேலே குடிக்கிறவர்கள் இருப்பதால் கடுமை. கீழே சற்றுத் தளர்வு. ஆனால் கீழேயும் மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? மேல்நீரில் நடக்கும் தவறு எவ்வளவு தூரம் வரும் என்பதை நாம் 2020 செப்டம்பரில் கண்டோம். ரவாங் பக்கத்தில் ஆற்றில் கலந்த ஒரு கழிவின் நாற்றத்தால் சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் நீர் நின்றது. அது உலோகக் கழிவன்று. நாற்றம் இருந்ததால் பிடிபட்டது. உலோகத்துக்கோ நாற்றம் கிடையாது.

இந்தப் பாடம் முடிந்ததும் என் மாணவர்கள் வழக்கம்போல், "டீச்சர், நாங்களே தேங்காய் நார் வச்சு வடிகட்டி செய்யலாமா?" என்று கேட்டார்கள். கரித்தூளில் மையைக் கரைத்த நீரை ஊற்றி நிறம் நீங்குவதைக் காட்டலாம், செய்து பார்த்தோம். ஆனால் குடிநீருக்கு அதை நம்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். கொக்கிகள் நிரம்பிவிட்டனவா என்று கண்ணால் தெரியாது. நிரம்பிய சக்கையில் புளிப்பு நீர் பட்டால், பிடித்து வைத்ததையெல்லாம் அது திருப்பிக் கொட்டிவிடும். ஈரச் சக்கையில் கிருமியும் வளரும். 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்து வீடுகளுக்குக் குழாய்நீர் தருவதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது, நார் வடிகட்டி செய்வதைவிடப் பயனுள்ள முயற்சி. பழைய ஈயக்குட்டைகளில் மீன் பிடிக்கிறவர்களும் கங்கோங் பறிக்கிறவர்களும் மற்றொன்றை நினைவில் வைக்க வேண்டும். ஈயத்தாதுவோடு ஆர்சனிக் முதலியவையும் மண்ணில் கலந்திருப்பதுண்டு. நீர்க்கீரைகளின் வேரும் தண்டும், நாம் மேலே பேசிய வாழைத்தண்டைப் போலவே, உலோகத்தைப் பிடிக்கக்கூடியவை. குட்டையின் நீர் எத்தகையது என்று தெரியாமல் அந்தக் கீரையைக் குழம்பில் போடுவது சரியன்று.

கடைசியாக, உலோகத்தைப் பிடித்து முடித்த சக்கை எங்கே போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எரிக்கக் கூடாது, எரித்தால் உலோகம் புகையிலும் சாம்பலிலும் போகும். உரக்குழியில் போடக் கூடாது. மழைநீர் அதைக் கழுவி ஓடைக்குக் கொண்டுபோகும். 1989இல் வந்து 2005இல் புதுப்பிக்கப்பட்ட விதிகளின்படி, கன உலோகம் ஏறிய கழிவு அட்டவணைக் கழிவு ஆகும். அதை மூடிய பீப்பாயில் அடைத்து, பெயரும் எண்ணும் எழுதிய சீட்டை ஒட்டிக் கணக்கு வைத்து, உரிமம் பெற்ற லாரியில்தான் ஏற்ற வேண்டும். அப்படிப்பட்ட கழிவை ஏற்கும் நிலையம் நெகிரி செம்பிலானில், புக்கிட் நானாசில், 1990களின் இறுதியிலிருந்து இருக்கிறது. தோட்டத்தில் எடுக்க ஆளில்லாமல் கிடந்த வாழைத்தண்டு, உலோகம் ஏறிய பிறகு அந்த நிலையத்துக்குப் போக ஒவ்வொரு டன்னுக்கும் கட்டணம் கட்ட வேண்டும்.